நூலில் காய்த்த தக்காளி

தாவர நல நிறுவனம் முதலில் கோட்டைத் தைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அதைப் போட்டுக்கொள்ள ஒரு விவசாயியைத் தேடிப் புறப்பட்டது.

இதில் முன்பின் மாறியிருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. முன்னோடி விவசாயி என்று ஒரு பட்டம் உண்டாக்கி, அதற்கான கோட்டின் நிறத்துக்கு ஒரு குழு, பொத்தானுக்கு ஒரு குழு, மார்புப் பையின் மேல் தைக்கிற தக்காளிச் சின்னத்துக்கு ஒரு குழு என்று கூடிக் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். அளவுக்கு மட்டும் குழு போட மறந்துபோயிற்று. தையல்காரர் தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே துணியை வெட்டினாரோ என்னவோ, வந்து சேர்ந்த கோட்டு அவ்வளவு நீளமாக இருந்தது. நிறுவனத்தின் கார் தோட்டம் தோட்டமாகப் போயிற்று. விளைச்சலில் பேரெடுத்த ஒருவர் போட்டுப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் உள்ளேயே காணாமல் போயின. இன்னொருவருக்குத் தொப்பை குறுக்கே நின்றது. கடைசியில் ஊர்க்கோடியில், வாடி வதங்கிக் கிடந்த ஒரு தக்காளித் தோட்டத்துக்கு முன்னால் கார் நின்றது. அந்தத் தோட்டக்காரனை ஊரே நெட்டையன் என்றுதான் கூப்பிடும். கோட்டு அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது.

துணை இயக்குநர் சற்றுத் தள்ளி நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செடிகளை ஒரு தடவை கூடப் பார்க்காமல், முன்னோடி கிடைத்துவிட்டார் என்று கைப்பேசியில் யாருக்கோ தகவல் சொன்னார்.

நெட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னோடி என்று சொல்லிக்கொள்ள அவனிடம் என்ன இருந்தது? இரண்டு பருவமாகத் தக்காளி அவனைக் கைவிட்டிருந்தது. நட்ட கொஞ்ச நாளிலேயே இலை ஓரம் மஞ்சளித்து, மூடிய கை மாதிரி உள்ளே சுருண்டுகொள்ளும். செடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். பூப்பூத்து ஆசை காட்டிவிட்டு அப்படியே உதிர்த்துவிடும். தப்பித்தவறிக் காய்த்ததும் கோலிக்குண்டு அளவு. வைரஸ் என்றார்கள். வெள்ளை ஈதான் அதைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போகிறது என்றார்கள். அடித்த மருந்துக்கு ஈயும் அசையவில்லை, வைரஸும் அசையவில்லை. நெட்டையனுக்குத்தான் இருமல் வந்தது. பக்கத்து ஊரில் இருந்த அவன் அக்கா கெட்டிக்காரி. முதல் பருவத்திலேயே தக்காளிக்குத் தலைமுழுகிவிட்டு பீன்ஸுக்கு மாறிவிட்டாள். அத்தான் லாரி ஓட்டுகிறவர், வீட்டைவிட சாலையில் இருக்கும் நேரம்தான் அதிகம். தோட்டம், வீடு எல்லாம் அக்கா ஒருத்தியின் கையில்தான். உருப்படியாகவே நடந்துகொண்டிருந்தது.

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான் நெட்டையன். அவனைப் பிடித்து நிறுத்தியது, காரின் பின்சீட்டில் நாற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்த விஞ்ஞானி. இளம்வயசுப் பெண், நகத்தடியில் மண். அவள் அவனிடம் குந்தி உட்கார்ந்து பேசினாள். "காட்டுத் தக்காளியோட பழத்த வாயில வைக்க முடியாது. ஆனா வேர் முரடு. அந்த வேர் மேல உங்க தக்காளியோட தலைய வச்சு ஒட்டுறோம். நோய் வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். வந்தாலும் செடி தாங்கும், காய்க்கும்."

இரண்டே விஷயத்தில் கவனம் வேண்டும் என்றாள். ஒரு செடியை வெட்டியதும் பிளேடைப் பால் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பிளேடில் ஒட்டிய சாற்றோடு போகிற வைரஸும் உண்டு. பால் அதை மடக்கிப்போடும். அப்புறம், ஒட்டிய செடியை ஒரு வாரமாவது இருட்டான, ஈரமான அறைக்குள் வைத்து யாரும் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். தையல் போட்ட காயம் மாதிரிதான் அதுவும்.

நெட்டையனுக்கு எல்லாம் நியாயமாகப் பட்டது. ஆனால் நிறுவனத்தில் நியாயமான காரியம் எதுவும் தானாக நடந்துவிட முடியாது. முதலில் தொடக்க விழா நடந்தாக வேண்டும்.

விழாவுக்காகவே வெள்ளியில் ஒரு பிளேடு செய்து, சிவப்பு வெல்வெட் விரித்த தட்டில் வைத்திருந்தார்கள். இயக்குநர் மேடையேறினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பேசத் தொடங்கினார். "இந்த நோயோடு நமது நிறுவனம் பல ஆண்டுகளாக நெருங்கிப் பழகி வருகிறது. நோய் வந்த காலத்தில் நமக்கு ஒரே ஒரு கட்டடம். அதுவும் ஒழுகும். நோய் வளர்ந்தது, நாமும் வளர்ந்தோம். இன்று நான்கு மாடி, லிஃப்ட், குளிர்சாதன வசதியுள்ள கருத்தரங்கக் கூடம். இந்த நோய் மட்டும் இல்லாதிருந்தால் நாம் எங்கே இருந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்." எல்லாரும் ஒரு கணம் எண்ணிப் பார்த்துக் கலங்கிப்போய்க் கைதட்டினார்கள்.

பிறகு பிரமுகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே வெள்ளி பிளேடால் ஆளுக்கொரு செடியை வெட்டி ஒட்டினார்கள். விஞ்ஞானி பால் கரைசல் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தோடு பிளேடுக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்த சிறப்பு விருந்தினர், வெயிலுக்கு இதமாக ஏதோ கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கிண்ணத்தை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டார். நிறுவனத்தின் உபசரிப்பு எப்போதுமே தனி என்று பாராட்டவும் செய்தார். சிறப்பு விருந்தினர் குடித்ததை மற்ற விருந்தினருக்குத் தராமல் விடுவது மரியாதை இல்லை என்பதால், மிச்சமிருந்த பால் பவுடரில் சர்க்கரை போட்டுக் கலக்கச் சொல்லித் துணை இயக்குநர் உத்தரவிட்டார். பிளேடுக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. அது ஒரு செடியின் சாற்றை அடுத்த செடிக்குக் கொடுத்தபடி, கடைசிப் பிரமுகர் வரைக்கும் பளபளவென்று போய்ச் சேர்ந்தது.

அடுத்தது குணமாகும் அறை. கறுப்புத் துணி போர்த்தி, சுவரெல்லாம் ஈரம் சொட்ட, விஞ்ஞானி அதை நன்றாகத்தான் அமைத்திருந்தாள். கதவில் 'திறக்காதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். திறக்கக் கூடாத அறை ஒன்று நிறுவனத்தில் இருக்கிறது என்ற செய்தி பரவியதுதான் தாமதம், அதைத் திறந்து பார்க்காத அதிகாரியே இல்லை என்றாகிவிட்டது. காலையில் ஒரு தூதுக்குழு, மத்தியானம் ஒரு ஆய்வுக்குழு. செடிகளின் மனவுறுதியைப் பார்க்க வந்ததாக ஒரு குழு சொன்னது. இருட்டில் படம் சரியாக விழாததால் பெரிய பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'திறக்காதீர்' என்ற அறிவிப்பு எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று படமெடுப்பதற்காக ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஒட்டுப்போட்ட தலைகள் ஒவ்வொன்றாகத் துவண்டு சாய்ந்தன. வேருக்கு மேலே சாகாமல் இருந்த தண்டில் காட்டுத் தக்காளி தன் சொந்தத் தளிரை விட்டது. பச்சையாக ஏதோ தெரிகிறதே, அது போதும் என்று துணை இயக்குநர் நிம்மதியானார். அவை எல்லாமே நெட்டையனின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

கூடவே ஒரு அறிவிப்புப் பலகையும் வந்தது. பலகை, செடி நட்ட இடத்தைவிடப் பெரியது. பாதிச் செடிகளுக்கு மத்தியானம் வரை அதன் நிழல்தான். உயிரோடு இருந்த ஒட்டுச் செடிகளும் பழையபடி இலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. நெட்டையனின் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. வயலில் கோட்டுப் பொத்தான் மட்டும்தான் சிவப்பாகத் தெரிகிறது என்றாள்.

அந்த நிலைமையில் வயல் தின விழா அறிவித்தார்கள். விழாவன்று காலையில் துணை இயக்குநர் கார் நிறையச் சந்தைத் தக்காளியோடு வந்து இறங்கினார். பச்சை நூல்கண்டுகளோடு நாலைந்து எழுத்தர்கள். ஒவ்வொரு பழமாகக் காம்பில் நூல் சுற்றிச் செடியில் கட்டினார்கள். கனம் தாங்காமல் சாய்ந்த செடிகளுக்குக் குச்சி நட்டார்கள். விஞ்ஞானி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டையன்தான் மெல்ல வாயைத் திறந்தான். இது சரியா வருமா சார் என்று கேட்டான்.

துணை இயக்குநர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். "நீங்க பொய் சொல்றதா ஏன் நினைக்கிறீங்க. எப்படியும் காய்க்கப்போற தக்காளி. அத நாம கொஞ்சம் முன்கூட்டியே காட்டுறோம். முன்னோடின்னா அதுதானே அர்த்தம்."

கேட்கிறபோது அதிலும் ஏதோ நியாயம் இருப்பது போல இருந்தது. கோட்டுக்குள் நுழைந்த பிறகு இன்னும் கொஞ்சம் நியாயமாக இருந்தது.

ஜனங்கள் திரண்டு வந்திருந்தார்கள். நோய் பரவும் என்று சொல்லி அவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் நூல் தெரியாது. பழம் மட்டும்தான் தெரியும். அக்காவும் பேருந்து பிடித்து வந்திருந்தாள். முன்வரிசையில் நின்று, பக்கத்தில் இருந்தவளிடம், அது என் தம்பி என்று சொல்வது அவள் வாயசைவிலேயே தெரிந்தது. எழுதிக் கொடுத்த தாளை நெட்டையன் பார்த்துப் படித்தான். தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. நிறுவனத்துக்கு நன்றி, இயக்குநருக்கு நன்றி, துணை இயக்குநருக்கு நன்றி. முடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அத்தனை முகங்களும் தன்னையே அண்ணாந்து பார்ப்பது அவனுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏதோ ஒன்று உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமல், தானாகவே சொன்னான்: "கைய வச்சா போதும், கூடை நெறையுது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு அந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேடையை விட்டு இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பிறகு அவனுக்குத் தோட்டத்தில் வேலையில்லை. கார் வரும், ஏறிக்கொள்வான். கருத்தரங்கம், கண்காட்சி, வானொலி. போகிற இடமெல்லாம் அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் கேட்டார்கள். நிறுவனம் அதைப் பலகையில் எழுதியது, காலண்டரில் அச்சடித்தது. நாற்றுப்பண்ணையில் ஒட்டுச் செடிகள் மலைமலையாகக் குவிந்தன. எல்லாமே அந்த வெள்ளி பிளேடின் வாரிசுகள், எல்லாமே கதவு திறந்த அறையில் கண் கூசியவை. அக்காவின் ஊர்க் கூடத்திலும் ஒரு கூட்டம் நடந்தது. முடிந்து அவன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"தம்பி, பீன்ஸப் பூரா எடுத்துட்டு இதையே போட்டுடலாம்னு இருக்கேன். எங்க தெருவுல இன்னும் சில பேர் நான் போட்டா போடுறேங்கிறாங்க. மத்தவங்க சொல்றத விடு. நீ என்ன சொல்ற?"

பக்கத்தில் துணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். முன்னால் டிரைவர் வண்டியைக் கிளப்பியிருந்தார். ஒரு நிமிஷம் இரு அக்கா என்று இறங்கி, அவளைத் தனியே அழைத்துப்போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு யாரும் தடை போட்டிருக்க முடியாது. நெட்டையன் கோட்டுக் காலரைச் சரி செய்துகொண்டு, "போடுக்கா" என்றான். கார் நகர்ந்தது.

கொஞ்ச காலம் கழித்து அக்கா சொல்லி அனுப்பினாள், ஒரு எட்டு வந்து செடியைப் பார்த்துவிட்டுப் போ என்று. நெட்டையன் இன்றைக்கு வேலை, நாளைக்குக் கூட்டம் என்று தள்ளிப் போட்டான். சாக்குகள் தீர்ந்த பிறகுதான் போனான்.

தோட்டம் பச்சைப்பசேலென்று இருந்தது. அதுதான் கொடுமை. ஒட்டிய தக்காளித் தலை எல்லாம் சுருண்டு கருகிப் போயிருக்க, அடியிலிருந்து காட்டுத் தக்காளி மட்டும் காடாக வளர்ந்திருந்தது. அக்காவுக்கு அது தெரியவில்லை. செடி நன்றாக வருகிறது என்றே நினைத்துத் தண்ணீர் கட்டி, உரம் வைத்து, கொம்பு நட்டு, ஒவ்வொரு கிளையையும் தூக்கிக் கட்டியிருந்தாள். களை ஒன்று கூட இல்லை. கிளைகளில் பட்டாணி அளவுக்கு, மயிர் மூடிய பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒன்றைக் கிள்ளி அவன் நாக்கில் வைத்தான். கசப்பு காதுவரை ஏறியது.

அக்கா கத்தியிருந்தால் தேவலை. அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள், வாத்தியாரிடம் தப்பான கணக்கைக் காட்டுகிற பிள்ளை மாதிரி.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியலடா. உன் வயல்ல அப்படிக் காய்ச்சுதே, நான் என் கண்ணாலேயே பாத்தேனே. தண்ணி அதிகமாப் போச்சா? தெருவுல கேக்குறவங்ககிட்ட எல்லாம், எனக்குத்தான் பாக்கத் தெரியல, என் தம்பி சரியாத்தான் சொன்னான்னு சொல்லிட்டிருக்கேன்."

நெட்டையன் நின்ற இடத்திலேயே குறுகிப்போனான். அத்தனை உயரமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாயைத் திறந்தான். கேட்டுச் சொல்கிறேன் என்று முனகிவிட்டு, அவள் தட்டில் போட்டு வைத்த சோற்றைத் தொடாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான். வழியெல்லாம், எதிரே வருகிறவர்கள் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்று தரையையே பார்த்துக்கொண்டு போனான்.

அவன் நேரே இயக்குநரிடம் போனான். மடித்த தாளில் கொஞ்சம் கசப்புக் காயும் கொண்டுபோயிருந்தான். இயக்குநர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, கவலைப்படுகிற குழந்தையைத் தேற்றுகிற குரலில் விளக்கினார். "நம்ம திட்டத்தோட பேர் என்ன? நோயைத் தாங்கும் செடி. செடி தாங்கிச்சா இல்லையா? நீங்களே காடா வளர்ந்திருக்குன்னு சொல்றீங்க. பழத்தப் பத்தி அந்தப் பேர்ல ஏதாவது இருக்கா? பழம் வேற துறை. அவங்க எல்லைக்குள்ள நாம மூக்க நுழைக்கக் கூடாது." காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு கசப்பாக ஒரு புதிய காயை உருவாக்கியதற்கு நிறுவனம் உரிமை கோர முடியுமா என்று ஆராய ஒரு குழு போடச் சொன்னார்.

வெளியே வரும்போது வாகனங்கள் நிறுத்துமிடத்தில் விஞ்ஞானியைப் பார்த்தான். குணமாகும் அறைக் கதவைப் பூட்டப் பார்த்த குற்றத்துக்காக அவளை அங்கே டோக்கன் கொடுக்கப் போட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னான். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் இப்போது மண் இல்லை. அன்றைக்கு நூல் கட்டும்போது நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்தச் செடிகளை இனிமேல் வைத்திருக்கவே கூடாது. நோய் அவற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஈ அங்கிருந்துதான் அடுத்த பயிருக்குக் கிளம்பும். வேரோடு பிடுங்கி எரித்தால்தான் வரும் பருவமாவது தப்பும். காய்க்கும் காய்க்கும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அதுவும் போயிற்று.

நெட்டையன் ஆண்டு விழாவுக்காகக் காத்திருந்தான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்படி சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு. அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஆயிரம் பேருக்கு முன்னால் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது என்பதும் உண்மை. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் ஏறினான். மைக்கைப் பிடித்தான். தாளைப் பிரிக்கவில்லை. "அன்னைக்கு என் செடியில தொங்குனது சந்தையில வாங்குன தக்காளி. நூல்ல கட்டுனது. என் தோட்டத்துல ஒரு பழம் கூடக் காய்க்கல. நான் சொன்னது பொய்" என்றான்.

முதல் வரிசை அதிகாரிகள் முகத்தில் ஈயாடவில்லை. இயக்குநர் எழுந்தார். நேராக நடந்து வந்து நெட்டையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மைக்கை அவன் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீர்களா! இதுதான் முன்னோடி. இவ்வளவு விளைச்சல் கண்ட பிறகும் ஒன்றுமே இல்லை என்கிறார். என் தோட்டத்தில் ஒரு பழம்கூட இல்லை என்று சொல்ல எத்தனை பெரிய மனது வேண்டும்! நமது நிறுவனத்தில் தலைமுடி நரைத்த எத்தனையோ பேர் இருக்கிறோம். எங்களில் ஒருவராவது இதுவரை அப்படிச் சொன்னதுண்டா?"

இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அங்கேயே, அப்போதே, அடக்கத்துக்கான விருது ஒன்று உண்டாக்கப்பட்டு நெட்டையன் கையில் திணிக்கப்பட்டது. அவன் மறுபடியும் வாயைத் திறந்தான்; இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு விவசாயி கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவன் பார்த்தான். விழா முடிந்து வெளியே வந்தால் அந்த ஆள் ஒட்டுச் செடிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நெட்டையன் அவர் கையைப் பிடித்து இழுத்து, வாங்காதீங்க என்றான். பெரியவங்களுக்கு எப்பவும் அடக்கம்தான் என்று அவர் கும்பிட்டுவிட்டு வரிசையில் முன்னால் நகர்ந்தார்.

கோட்டையும் விருதையும் வாசல் காவலரின் மேஜையில் வைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனான். இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. அவன் மனைவி கேலி பேசாதது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டை வைத்துவிட்டு, அக்காகிட்ட மைக் இல்லாமப் போய்ச் சொல்லு என்று மட்டும் சொன்னாள்.

போனான். அக்கா தோட்டத்தில் கிளை கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும். அவன் வரப்பில் நின்றபடியே சொன்னான். நூல், சந்தைத் தக்காளி, வெள்ளி பிளேடு, திறந்த கதவு எல்லாவற்றையும் சொன்னான். உன்மேல ஒரு தப்பும் இல்லக்கா என்றான். அவள் கையிலிருந்த சணலைக் கீழே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கூடை நெறையுதுன்னு சொன்னியே. அதுவும் அவங்க எழுதிக் குடுத்ததா?"

அப்படித்தான் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது அவனுக்கு. "இல்லக்கா. அது நான் சொன்னது."

"அன்னைக்குக் கார்ல வச்சுக் கேட்டேனே."

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

அக்கா செடிகளைப் பார்த்தாள். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு இலேசாகத் திரும்பியிருப்பான். அவள் குனிந்து, கட்டிக்கொண்டிருந்த செடியையே இரண்டு கையாலும் பிடித்து வேரோடு இழுத்தாள். முரட்டு வேர், சுலபத்தில் வரவில்லை. நெட்டையன் இறங்கி வந்து கூடப் பிடித்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை; அவன் பக்கம் திரும்பவும் இல்லை. வெயில் சாயும்வரை இரண்டு பேரும் பிடுங்கினார்கள்.

கடைசியில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். "எங்கிட்ட சொன்னா முடிஞ்சிருச்சா? என்னப் பாத்துப் போட்டவங்க தெருவுல இருக்காங்க. இன்னமும் தண்ணி ஊத்திட்டிருக்காங்க. கை காலக் கழுவிட்டுக் கெளம்பு."

தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறினான். அக்கா உள்ளே வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். முதல் வீட்டில் அவனை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவன் சொல்லி முடித்தபோது அந்த நாற்காலியை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் சிரித்தார், சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிடுங்கினால் எரிக்க வேண்டுமா, புதைத்தால் போதாதா என்று மட்டும் கேட்டார். எரிக்க வேண்டும் என்றான். ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தான். பழகவில்லை.

தெருக்கோடி வீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். அவள் கூட்டத்துக்கு வந்தவள் இல்லை. அக்கா சொன்னாள் என்று நட்டவள். யாரோ உயரமான ஆள் வாசலில் நின்று, உங்கள் தக்காளிச் செடியைப் பற்றி என்று இழுப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"நிறுவனத்துலேருந்து வர்றீங்களா?"

நெட்டையனால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கேட்டுக்கு வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் அவனைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இல்லம்மா. அவன் என் தம்பி. அவன் சொல்றதக் கொஞ்சம் கேளு."